செவிலிக்கு யார் செவிலி?

சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்தெடுப்பவள் செவிலி. தலைவியின் நடத்தையில் ஐயம் தோன்றினால் அவளை வீட்டுக்குள் காவலில் இருத்துபவர்களுள் ஒருத்தியும் அவளே. மருத்துவமனைத் தாதியருக்கு நாம் சூட்டிய பெயர் இது. காப்பும் காவலும் கலந்த அந்தப் பழைய உறவு, இன்று செவிலியருக்கும் அவர்களுடைய கண்காணிப்பாளருக்கும் இடையே தொடர்வதைக் காண்கிறோம்.

இதன் வேர் 1860இல் இருக்கிறது. அவ்வாண்டு இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளி தொடங்கியபோது, மாணவியர் மேட்ரன் வார்ட்ரோப்பரின் பொறுப்பில் விடப்பட்டனர். செவிலியரை ஆள்பவர் பயிற்சி பெற்ற ஒரு பெண்ணாகவே இருக்கவேண்டும் என்பது நைட்டிங்கேலின் உறுதி. அவர்களுக்கு அது ஓர் அரண். ஆயினும் அதே மேட்ரன், ஒவ்வொரு மாணவியின் நேரந்தவறாமை, அடக்கம், நம்பகம் ஆகியவற்றை மாதந்தோறும் ஏட்டில் குறித்துவந்தார். அரணும் ஏடும் ஒரே கையில் இருந்தன.

1871இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நான்கே மாணவியருடன் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1926இல் சென்னை மாகாணம் செவிலியருக்கும் மருத்துவச்சியருக்கும் தனிச்சட்டம் இயற்றியது. எனினும் 1946இல் போர் குழு அறிக்கை அளித்தபோது, இந்தியாவில் 43,000 பேருக்கு ஒரு செவிலி என்பதே நிலை. ஆள் குறைந்த இடத்தில் கண்காணிப்பாளரின் நாள், வழிகாட்டுவதில் கழிவதில்லை. இரவுப் பணிக்கு ஆள் தேடுவதில் கழிகிறது. விடுப்பு கேட்பவர் அவர் கண்ணுக்குக் குற்றவாளி ஆகிறார்.

செவிலியர் நிலையை ஆராய 1987இல் நடுவண் அரசு அமைத்த உயர்நிலைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர்களுள், முன்னாள் முதல்வர் பக்தவத்சலத்தின் மகள் சரோஜினி வரதப்பனும் ஒருவர். செவிலியரைத் தொழில் சாராத வேலைகளிலிருந்து விடுவிக்கவேண்டும் என்று அக்குழு வற்புறுத்தியது. பயிற்சி மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலி என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல்.

இது படாளம் போன்ற ஊர்களுக்கு ஏட்டுக் கணக்கன்று. திருச்சி நெடுஞ்சாலையில் நள்ளிரவில் அடிபட்டவரைக் கொண்டுசெல்ல, 1965இல் தொடங்கிய செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அருகில் இருக்கிறது. அத்தகைய வார்டு எதிலும் விழித்திருக்கும் செவிலி, மருந்தின் அளவில் தவறு நேர்ந்துவிட்டால் உடனே வாய்திறந்து சொல்வாரா என்பதில் ஓர் உயிர் தொங்குகிறது. கண்காணிப்பாளர் "எப்படி நேர்ந்தது?" என்று முதலில் கேட்பவரானால் சொல்வார். "யார் செய்தது?" என்று தொடங்குபவரானால் மறைப்பார்.

செவிலியரின் மனநிறைவை நாம் அவர்களுடைய சொந்த விஷயமாகக் கருதிவிடுகிறோம். கட்டிலில் கிடப்பவரின் விஷயமும் அதுதான். கண்காணிப்பாளரின் குணத்தைப் பழிக்குமுன், அவர் கையிலுள்ள பணிப்பட்டியலில் எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. காக்க ஆளில்லாத செவிலி காவல் மட்டுமே செய்வாள்.