வேடமும் வீட்டுரிமையும்: தீவகத்துக் கோட்டையை முன்வைத்து ஓர் ஆய்வுக்குறிப்பு

நெடுந்தீவிலே ஒல்லாந்தர் கோட்டை எனப்படும் முருகைக்கல் இடிபாடு, இன்று உல்லாசப் பயணிகளின் ஒளிப்படப் பின்னணியாக விளங்குகின்றது. 1658 இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் இத்தீவுகளுக்குத் தம் ஊர்ப்பெயர்களையே சூட்டினர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆகியது; நயினாதீவு ஹார்லெம் ஆகியது; ஊர்காவற்றுறையை உள்ளடக்கிய தீவு லைடன் ஆகியது. நிலத்துக்கே வேடம் புனைந்த குடியேற்றவாதத்தின் சின்னங்கள் முன்பு இன்று எவர், எவ்வுடையில் நிற்கலாம்? பால்புதுமையினரின் வேடப்புனைவு ஒளிப்படங்கள் எழுப்பும் வினா இதுவே. இதனை வெறும் அழகியற் புதுமையாகக் கொள்ளாது, வீடும் தோட்டமும் எவ்வர்க்கத்தின் உடைமையாயிருந்தன என்பதிலிருந்து நோக்குதல் அவசியமாகும்.

இலங்கையில் ஆணுடலின் அழகை ஒளிப்படக்கலையின் பொருளாக்கிய முன்னோடி லயனல் வென்ட் (1900–1944) ஆவார். கொழும்பில் அவரது இல்லத்திலேயே 1943 இல் '43 குழு' தோன்றியது. பெவிஸ் பாவா (1909–1992) 1929 முதல் பேருவளைக்கு அண்மையிலிருந்த இறப்பர்த் தோட்டமொன்றைப் பூங்காவாக மாற்றினார். ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை நடைமுறையிலிருந்த காலம் அது. எனினும், சொத்துடைமை எழுப்பிய மதில் இவர்களுக்கு அரணாயிற்று. வென்டின் ஒளிப்படக்கருவி முன் நின்ற உழைப்பாளிகளுக்கு அத்தகைய மதில் இருக்கவில்லை. அவர்களது உடல் கலைவரலாற்றில் இடம்பெற்றது. பெயர் பெரும்பாலும் இடம்பெறவில்லை.

மதிலற்றோர்மீது சட்டம் எவ்வாறு பாய்ந்தது என்பதற்கு அதே சட்டக்கோவையின் 399 ஆம் பிரிவு சான்றாகும். ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலைக் கூறும் அப்பிரிவு திருநங்கையருக்கு எதிராகப் பயன்படுத்தப்பட்டுள்ளது. உடையே ஏமாற்றெனக் கொள்ளப்பட்டது என்பதே இதன் பொருள்.

அண்டை நாட்டிலும் நிலைமை ஒத்ததே. சுனில் குப்தாவின் 1980களின் 'எக்ஸைல்ஸ்' வரிசையில், டில்லியின் நினைவுச்சின்னங்களருகே நின்ற ஆண்கள் பலர் முகத்தை மறைத்தோ திருப்பியோ நின்றனர். வீட்டில் இடமில்லாதோருக்குப் பொதுவெளியே வீடாயிற்று. 2008 இல் அவர் படைத்த வரிசையிலோ, இந்தியப் பால்புதுமையினர் விக்டோரியா காலத்து ஆங்கில ஓவியங்களின் கோலத்தை ஒப்பனையோடு புனைந்து நின்றனர். தம்மைக் குற்றவாளிகளாக்கிய சட்டம் பிறந்த யுகத்தின் உடையையே அவர்கள் கையகப்படுத்தினர் எனலாம்.

இது நமக்கு அந்நியமானதென்போர் கூத்தை மறந்தவராவர். யாழ்ப்பாணத்துக் கூத்துக்களில் ஆண்களே பெண்பாத்திரங்களையும் ஏற்றனர்; ஊரும் அதனை விடியும்வரை இரசித்தது. ஆயின் இவ்விசைவின் எல்லையையும் நாம் காணவேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியினர் மேலாடை அணிவதையே தடுத்த நிலமானிய சமூகம், அவர்களுள் ஒருவர் களரியிலே முடிதரிப்பதை ஓரிரவுக்கு அனுமதித்தது. பெண்ணுடை தரித்த ஆணுக்கும் அவ்வோரிரவே கிடைத்தது. பொழுது விடிந்ததும் இருவரும் பழைய உறவுகளுக்குள் மீண்டனர்.

ஒளிப்படம் அவ்விரவை நிலைபெறச் செய்வது. அதன் அச்சமும் ஆற்றலும் அதுவே. 2023 மே மாதத்தில், தன்பாலுறவைக் குற்றமற்றதாக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உச்ச நீதிமன்றம் தீர்மானித்தது. சட்டம் மாறுதல் வேண்டும். அது மட்டும் போதாது. 1990 இலும் அதன் பின்னரும் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது கைவிட்டுச் சென்றவற்றுள் வீட்டு ஒளிப்படங்களும் அடங்கும். எஞ்சியுள்ள கூத்துப் படங்களையும் கலையகப் படங்களையும் திரட்டுவோர், முடிதரித்தவனோடு சேலை தரித்தவனையும் பேணுதல் வேண்டும். படத்திலுள்ளோர் இசையுமிடத்து, வென்டின் காலம் எழுதாதுவிட்ட பெயர்களை நாம் எழுதுதல் கடனாகும்.