காப்பும் உரிமையும்: கொச்சி யூதர் பொதுவிடங்கள் - ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஒரு சமூகம் கூடி வழிபடும் இடம் இரு வினாக்களை எழுப்புகிறது. அங்கு வருவோரின் உடலுக்கும் உயிருக்கும் ஊறு நேராமல் காப்பவர் யார் என்பது ஒன்று. அங்கு நுழையவும் அமரவும் உரிமையுடையவர் யார் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் தனித்தனியானவை போலத் தோன்றினும், வரலாற்றில் ஒன்றையொன்று சார்ந்தே இயங்கியுள்ளன. கொச்சி யூதரின் ஆயிரம் ஆண்டு வரலாற்றை முன்வைத்து இவ்வுறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

யூதச் சட்ட மரபில் ஊறு தடுத்தல்

புதிதாக வீடு கட்டுபவர் அதன் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும் என்பது உபாகமம் 22ஆம் அதிகாரம் கூறும் விதியாகும். ஒருவர் தவறி விழுந்து இறந்தால் அப்பழி வீட்டைச் சேரும் என்பது அதன் அடிப்படை. ஊறு நேர்ந்த பின் தண்டிப்பதினும், நேரும்முன் தடுப்பதே கடமை என்னும் கருத்து இதனால் பெறப்படுகிறது. 1204இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தம் சட்டத் தொகுப்பில் இவ்விதியை விரித்துரைக்கிறார். சுவரின் உயரம் பத்துக் கைப்பிடி அளவினும் குறையலாகாது. முற்றத்துக் கிணற்றுக்கும் சுற்றுச்சுவரோ மூடியோ வேண்டும் என்கிறார். தொழுகைக்கூடம் குடியிருப்பு அன்று என்பதால் அதன் கூரைக்குக் கைப்பிடிச்சுவர் கட்டாயமில்லை என்றும் குறிப்பிடுகிறார். எனினும் உயிருக்கு இடர் தரும் எதனையும் அகற்ற வேண்டும் என்ற பொதுக்கடமைக்கு அவர் விலக்கு அளிக்கவில்லை.

மிஷ்னாவின் பாபா கம்மா என்னும் பகுதி, ஒருவரைக் காயப்படுத்தியவர் ஐந்து வகையில் ஈடு செய்ய வேண்டும் என்கிறது. அவை உறுப்புக்கேடு, வலி, மருத்துவச் செலவு, வேலையிழப்பு, அவமானம் என்பன. அவமானமும் ஊறுகளுள் ஒன்றாக எண்ணப்பட்டிருத்தல் இங்குக் கருதத்தக்கது.

செப்பேடு தந்த உரிமைகள்

கி.பி. 849இல் வேணாட்டு அய்யனடிகள் வழங்கிய தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்துக் கிறித்தவப் பள்ளியைக் காக்கும் பொறுப்பை அஞ்சுவண்ணம், மணிக்கிராமம் ஆகிய வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கிறது. அதன் சான்றாளர் கையொப்பங்களுள் சில எபிரேய எழுத்தில் அமைந்துள்ளன. ஒரு சமயத்தாரின் வழிபாட்டிடத்தைப் பல சமய வணிகர் சேர்ந்து காத்தனர் என்பது இதனால் அறியலாகிறது. அஞ்சுவண்ணம் என்பது யூதரை மட்டும் குறித்ததா, மேற்காசிய வணிகர் அனைவரையும் குறித்ததா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. தமிழகக் கடற்கரைக் கல்வெட்டுகளிலும் இப்பெயர் இடம்பெறுவதால் பிந்தைய கருத்து வலுப்பெறுகிறது.

கி.பி. 1000 அளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் முயிரிக்கோட்டிலிருந்து யூசுப் இரப்பானுக்கு வழங்கிய செப்பேடு இவ்வாய்வுக்கு முதன்மையானது. வட்டெழுத்தில் பொறிக்கப்பட்ட இச்செப்பேடு அஞ்சுவண்ணத்தையும் எழுபத்திரண்டு உரிமைகளையும் அளிக்கிறது. பகல் விளக்கு, பாவாடை, குடை, தோரணம், பல்லக்கு முதலியன அவற்றுள் அடங்கும். பிற நகரத்தார் செலுத்தும் இறைகளினின்று விலக்கும் தரப்படுகிறது. இவ்வுரிமைகள் வழிவழியாகத் தொடரும் என்றும் கூறப்படுகிறது. இவை வெறும் ஆடம்பரச் சின்னங்கள் அல்ல. பொதுத்தெருவில் குடைபிடித்துச் செல்ல அரசன் இசைவளித்த ஒருவரை இழிவுபடுத்துவது அரசாணையை மீறுவதாகும். ஆகவே மதிப்பைக் குறித்த உரிமையே உடலுக்கும் காப்பாக அமைந்தது எனலாம்.

அழிவும் அடைக்கலமும்

காப்பவர் வலிமை குன்றும்போது செப்பேட்டு உரிமையும் குன்றியது. 1524இல் கொடுங்கல்லூர் யூதர் தாக்குதலுக்கு உள்ளாகிக் கொச்சி அரசரிடம் அடைக்கலம் புகுந்தனர். மட்டாஞ்சேரியில் அரண்மனையை ஒட்டிய நிலத்தில் 1568இல் பரதேசித் தொழுகைக்கூடம் எழுந்தது. அரண்மனையின் அண்மையே அதற்கு அரணாயிற்று. எனினும் 1662இல், டச்சுக்காரருக்கு உதவினர் என்று கருதிய போர்த்துகீசியர் அக்கூடத்தைச் சிதைத்தனர். 1663இல் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றிய பின்னரே அது சீர்செய்யப்பட்டது.

கூடத்தினுள் மறுக்கப்பட்ட இடம்

புறத்தே காப்புப் பெற்ற இடம் அகத்தே அனைவருக்கும் உரியதாக இல்லை. விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழிவந்தோர் எனக் கருதப்பட்ட மெசுக்ராரிம் பிரிவினர், பரதேசித் தொழுகைக்கூடத்தின் இருக்கைகளில் அமர இயலாது. முன்கூடத்தில் தரையில் அமர வேண்டியிருந்தது. திருச்சுருளைப் படிக்கும் உரிமையும் மண உறவும் மறுக்கப்பட்டன. அப்பிரிவில் பிறந்த வழக்கறிஞர் ஆபிரகாம் பராக் சேலம் (1882-1967) இதனைக் காந்திய அறவழியில் எதிர்த்தார். கொச்சி சட்டமன்ற உறுப்பினராகவும் விளங்கிய அவர், நீதிமன்றத்தை நாடாமல் கூடத்தினுள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். தடைகள் படிப்படியாகத் தளர்ந்தன. 1950இல் அவர்தம் மகனுக்கும் பரதேசிப் பெண்ணுக்கும் திருமணம் நிகழ்ந்தது. அவமானத்தையும் ஊறாக எண்ணிய சட்ட மரபைப் போற்றும் கூடத்திலேயே அவ்வூறு தலைமுறைகளாக நீடித்தது என்பது இவ்வரலாற்றின் முரண். செப்பேடு அரசனிடமிருந்து பெற்ற உரிமையைச் சேலம் தம் சமூகத்தாரிடமிருந்து பெற வேண்டியிருந்தது.

இக்காலச் சட்டமும் நடைமுறையும்

இந்திய அரசியலமைப்பின் 25, 26ஆம் உறுப்புகள் வழிபாட்டு உரிமையையும் சமய நிறுவனங்களை நடத்தும் உரிமையையும் வழங்குகின்றன. 2024 சூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதா, வழிபாட்டிடத்தைச் சிதைத்தல், வழிபாட்டைக் குலைத்தல், இடுகாட்டில் அத்துமீறல் ஆகியவற்றைக் குற்றமாக்குகிறது. கட்டடம் இடிந்து உயிருக்கு இடர் நேராமல் காக்கத் தவறும் கவனக்குறைவையும் அது தண்டிக்கிறது. மகாராட்டிர அரசு 2016இல் யூதருக்குச் சிறுபான்மைத் தகுதி அளித்தது.

சட்டம் உள்ளபோதும் ஊறு நேர்கிறது. 2008 நவம்பர் 26 அன்று மும்பை நரிமன் இல்லத்தில் தொடங்கிய தாக்குதலில் யூதகுரு கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் பிறரும் கொல்லப்பட்டனர். 2019 செப்டம்பரில் மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் தொழுகைக்கூடத்தின் முன்சுவர் மழையில் இடிந்தது. அதன் மரவேலைப்பாடுகள் முன்பே ஜெருசலேம் இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. வழிபடுவோர் 1950களில் இஸ்ரேலுக்குப் பெயர்ந்தபின் எஞ்சிய வெற்றுச்சுவர்களைப் பேணுவார் இல்லை. முதல் நிகழ்வில் பகை அழித்தது; இரண்டாவதில் புறக்கணிப்பு அழித்தது.

முடிவுரை

செப்பேட்டுக் காலத்தில் அரசனும் வணிகக் குழுவும் காப்பாக நின்றனர். இன்று அப்பொறுப்பு சட்டத்தைச் சார்ந்துள்ளது. ஆயினும் காக்கும் கடமையை ஏற்பவர் இல்லாதவிடத்து உரிமை எழுத்தளவில் நின்றுவிடுகிறது என்பதைக் கடவும்பாகம் உணர்த்துகிறது. காக்கப்படும் இடம் அனைவருக்கும் சமமாக இல்லாதவிடத்து அக்காப்பு குறையுடையது என்பதைச் சேலத்தின் போராட்டம் உணர்த்துகிறது. குடியிருப்போர் இல்லாத கூடத்திற்கும் இடர் நீக்கும் கடமை உண்டு என்ற மைமோனிடிஸின் கருத்து, மக்கள் பெயர்ந்து சென்ற ஊர்களின் வழிபாட்டிடங்கள் அனைத்துக்கும் பொருந்துவதாகும்.