பிரிஞ்சாங் முகடும் அலைகளின் முறையும்

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், கியா பார்ம் சந்தைக்கு அருகே பிரிந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தை ஒட்டி ஏறும் குறுகிய பாதை, 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் முகட்டில், ஒலிபரப்பு, தொலைத்தொடர்புக் கோபுரங்களின் அடியில் முடிகிறது. அதிர்வெண் உயர உயர வானலை நேர்கோட்டிலேயே செல்ல முற்படுவதாலும், குறுக்கே நிற்கும் மலைக்கு அப்பால் அலை எட்டாத நிழல் விழுவதாலும், அலையை வாங்கி வலுவூட்டி மறுபடி அனுப்பும் ரிலே நிலையங்கள் இத்தகைய நிலத்துக்கு இன்றியமையாதவை ஆயின.

ரிலே நிலையத்தின் பழைய இடர்ப்பாடு ஒன்றே: தன் குரலின் உரப்பில், தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரல் அதற்குக் கேட்பதில்லை. வாங்குவதற்கு ஓர் அலைவரிசை, அனுப்புவதற்கு வேறொன்று என்பதே நெடுங்காலம் இதற்குத் தீர்வாக இருந்தது; ஆனால் அலைவரிசை அருகிய வளம் என்பதால், ஒரே அலைவரிசையை நேரத்தால் பங்கிடும் வழி தேடப்பட்டது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழுவினர் 1971-இல் இயக்கிய அலோஹா வலையமைப்பில், தீவுகளிலிருந்த நிலையங்கள் நினைத்தபோது பேசியதால் செய்திகள் மோதிக்கொண்டன. கோட்பாட்டளவில் வழித்தடத்தின் 18 விழுக்காடே பயன்பட்டது. ஸ்லாட் எனப்படும் நேரக்கூறின் தொடக்கத்தில் மட்டுமே பேச வேண்டும் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972-இல் முன்வைத்த ஒரே விதி, அந்த அளவை ஏறத்தாழ 37 விழுக்காடாக, அதாவது இரு மடங்காக, உயர்த்தியது.

மலேசியாவில் 1985-இல் வந்த ஏட்டூர் 450 கைப்பேசிச் சேவை, உரையாடலுக்கு ஓர் அலைவரிசையை ஒதுக்கிய பழைய முறையைச் சேர்ந்தது. 1990-களில் பரவிய ஜிஎஸ்எம் முறையோ, தோட்டத் தொழிலாளர் காலையில் கூடும் பெரட்டில் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுப்பதுபோல, ஓர் அலைவரிசையை 577 மைக்ரோவினாடி நீளமுள்ள எட்டு நேரக்கூறுகளாகப் பிரித்துக் கொடுத்தது. அலை ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோவினாடி ஆவதால், தொலைவிலுள்ள கைப்பேசி சற்று முன்னதாகவே பேசத் தொடங்கினால்தான் அதன் குரல் தனக்குரிய கூற்றில் வந்து விழும். இந்த முன்கூட்டு நேரத்தை ஜிஎஸ்எம் 63 படிகள் வரை அளந்து கொடுக்க, 35 கிலோமீட்டர் அதன் எல்லையாயிற்று.

2020-இல் நிறைவுற்ற ஐந்தாம் தலைமுறைத் தரத்தின் பதினாறாம் வெளியீடு, நேரப் பங்கீடு, நேரத் திருத்தம் என்ற இவ்விரு அறிவையும் ரிலேயில் இணைத்தது. கம்பி எட்டாத ரிலே நிலையம், தாய் நிலையத்திடம் சில கூறுகளில் கேட்டுவிட்டு, வேறு கூறுகளில் தன் பகுதியினரிடம் பேசுகிறது. எந்தக் கூறு முழுதும் அதற்குரியது, எது தாய் நிலையம் இசைந்தால் மட்டும் கிட்டுவது, எது அறவே விலக்கப்பட்டது என்பது முன்கூட்டியே வகுக்கப்படுகிறது. எல்லா நிலையங்களின் கூறுகளும் ஒரே கணத்தில் தொடங்க வேண்டியிருப்பதால், அலை போய்த் திரும்பும் நேரத்தின் பாதியையும், தாய் நிலையம் அறிவிக்கும் சிறு திருத்தத்தையும் கொண்டு ரிலே தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது.

இந்த நுட்பம் மெச்சத்தக்கதே எனினும், ஒரே அலைவரிசையில் ஒரு நிலையத்திலிருந்து அடுத்ததற்கான தாண்டல்கள் கூடக்கூடக் கடைசியில் இருப்பவர்களுக்குக் கிடைக்கும் நேரப் பங்கு சுருங்குகிறது. மலைநாட்டில் அந்தக் கடைசித் தாண்டலில் அமையக்கூடியவை பள்ளத்தாக்குகளின் அடியிலுள்ள தோட்டத் தொழிலாளரின் லயத்து வீடுகளே என்பதால், கூறுகளை வகுப்போர் முதலில் கணக்கில் கொள்ள வேண்டியவையும் அவையே.