கிணற்றைத் தேடிப் போன வீடு

நம்ம சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களிலே பழைய ஓட்டு வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. சிலதிலே ஆள் குடியிருக்கிறார்கள். சிலதிலே சோளத்தட்டும் தேங்காய் மட்டையும் அடைந்து கிடக்கின்றன. பாகம் பிரிக்கிறபோதும், கான்கிரீட் வீடு கட்டுகிறபோதும் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. இடிக்கக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. அதிலே குடியிருக்கிறவர்களுக்குத்தான் ஒழுகலும் கரையானும் தெரியும். ஆனால் கடப்பாரையைப் போடுவதற்கு முந்தி அந்த வீட்டை ஒரு தரம் சுற்றிப் பாருங்கள். உங்கள் பண்ணையத்தின் கதை அதிலே இருக்கிறது.

தஞ்சாவூர்ப் பக்கம் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே வீடுகள் ஊருக்குள்ளே வரிசையாக இருக்கும், வயல் தள்ளி இருக்கும். நம்ம பக்கம் மட்டும் ஏன் தோட்டத்துக்கு ஒரு வீடு? தண்ணீர்தான் காரணம். அங்கே ஆற்றுத் தண்ணீர் வாய்க்காலிலே வந்து பாயும். இங்கே காவிரிக் கரையையும் ஏரிப் பாசனத்தையும் விட்டால் மீதியெல்லாம் கிணறு. கவலை இறைக்கிறவன் கோழி கூப்பிடும் முன்னே மாடு பூட்ட வேண்டும். மாடு, ஆள், சால், வடக்கயிறு எல்லாம் கிணற்றடியிலேயே இருந்தாக வேண்டும். அதனாலே முதலில் கிணறு, பிறகு கட்டுத்தரை, அதை ஒட்டி ஆள் படுக்க ஓர் ஓலைச் சாளை. அந்தச் சாளைதான் கையிலே நாலு காசு சேரச் சேர வீடாக வளர்ந்தது.

1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து சேலம் சீமை கும்பெனியார் கைக்குப் போனது. கேப்டன் ரீட், அவருக்குக் கீழே மன்றோ, இவர்கள் குடியானவர் ஒவ்வொருவர் பேரிலும் நிலத்தை அளந்து தீர்வை போட்டார்கள். ரயத்துவாரி என்பது இதுதான். நிலம் தன் பேரில் இருந்தால்தானே பாறையை உடைத்துக் கிணறு வெட்ட மனசு வரும்?

கொஞ்சம் வசதியானவர்கள் கட்டியது தொட்டிக்கட்டு வீடு. நடுவிலே திறந்த வாசல், நாலு பக்கமும் தாழ்வாரம். கூரைத் தண்ணீர் வாசலிலே விழுந்து தூம்பு வழியாக வெளியே போகும். காற்றும் வெளிச்சமும் அதே வழியிலேதான் வரும். களத்திலிருந்து வந்த தானியத்தை மழைக்குப் பயப்படாமல் அந்த வாசலிலே உலர்த்தலாம்; மேகம் கறுத்தால் நாலு எட்டிலே தாழ்வாரத்துக்குள் தள்ளிவிடலாம். சித்திரை வெயிலிலும் உள்ளே சில்லென்று இருப்பதற்குத் தடித்த மண்சுவர் காரணம்.

ஆசாரத்தைத் தாண்டிய இருட்டறையைப் பாருங்கள். ஜன்னல் இருக்காது, குதிரும் அடுக்குப் பானையும் வைத்த இடம் அது. வெளியே களத்தோரம் சோளக் குழி இருந்திருக்கும். இந்த ஜாக்கிரதை வீணாக வந்ததல்ல. தாது வருஷப் பஞ்சம், அதாவது 1876 முதல் 1878 வரை, சேலம் ஜில்லாவை உலுக்கியது. 1871 கணக்கெடுப்பிலே 19 லட்சத்துக்கு மேல் இருந்த ஜனத்தொகை 1881-இல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. நாமக்கல்லும் அப்போது சேலம் ஜில்லாதான். 1997-இல்தான் தனி மாவட்டமானது. பஞ்சத்தைக் கண்ட தலைமுறை வீடு கட்டும்போது தானிய அறையை எங்கே வைக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அதே வீட்டிலே இன்னொன்றையும் பாருங்கள். அந்தத் தானியத்தை விளைவித்த பண்ணையாள் பெரும்பாலும் ஆசாரத்துக்குள் வந்ததில்லை. கட்டுத்தரைப் பக்கமோ பொடக்காலியிலோதான் அவருக்குச் சோறு. யார் எதுவரை வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்துக் கொத்தனார் கட்டினார். பழைய வீட்டின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

வீட்டின் வயசைக் கண்டுபிடிக்க ஓட்டைப் பார்ப்போம் என்பார்கள். நாட்டு ஓடு நம்ம குயவர் வேலை. சீமை ஓடு மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தது. பாசல் மிஷன்காரர்கள் 1865-இல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பித்தார்கள். 1862-இலேயே சேலம் வழியாகப் பேப்பூர் வரை ரயில் பாதை முடிந்திருந்தது. ஓட்டின் முதுகிலே 1865 என்று அச்சு இருந்தால், தாத்தா அந்த வருஷம் வீடு கட்டினார் என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது கம்பெனி தொடங்கிய வருஷம். ஓடு அதற்கு எத்தனையோ வருஷம் பிந்தியும் வந்திருக்கலாம். ஓட்டைவிட, மூத்தவர்கள் ஞாபகமும் பழைய கிரயப் பத்திரமும் நம்பகமானவை.

மேட்டூர் அணை 1934-இல் முடிந்தது. 1937 முதல் அங்கே மின்சாரம் எடுத்தார்கள். போகப் போகக் கிணற்றிலே மோட்டார் வந்தது, கவலை நின்றது. கிணற்று மேட்டிலே கவலைக்கு நட்ட கல் தூண்களைச் சும்மா போட நம்ம ஆட்களுக்கு மனசு வருமா? கட்டுத்தரைக்கோ திண்ணைக்கோ தூக்கிக்கொண்டு வந்து நட்டிருப்பார்கள். உங்கள் வீட்டுக் கல் தூணிலே சம்பந்தமில்லாமல் ஒரு துளையோ வெட்டோ இருந்தால், அதைக் கிணற்று மேட்டிலே மீதி நிற்கிற கல்லோடு ஒத்துப் பாருங்கள்.