விட்டுப் பிடிக்கும் கண்ணாடி

கண்ணாடி உடையும் என்பது குழந்தைக்கும் தெரியும். 1921இல் வெளியான ஒரு கட்டுரையில் ஆலன் ஆர்னால்ட் கிரிஃபித் அந்த அறிவைக் கொஞ்சம் கலைத்துப் போட்டார். இங்கிலாந்தில் ஃபார்ன்பரோ அரசு விமான ஆய்வு நிலையத்தில் வேலை பார்த்தவர். கண்ணாடியை உருக்கி இழைகளாக இழுத்து, ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்குகிறது என்று அளந்தார். ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியைவிட, அதில் ஏறக்குறைய 300இல் ஒரு பங்கே தடிமனுள்ள இழை, பரப்புக்குப் பரப்பு கணக்குப் பார்த்தால், சுமார் 20 மடங்கு வலுவாக இருந்தது. தடித்த கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும், உடைவது அங்கிருந்துதான். மெல்லிய இழையில் பெரிய விரிசல் ஒளிந்துகொள்ள இடமில்லை.

இதற்குப் பிறகான ஃபைபர் கிளாஸ் வரலாற்றை வழக்கமாக ஒரே மாதிரிதான் சொல்வார்கள். 1932இல் அமெரிக்காவில் டேல் கிளைஸ்ட் என்ற இளைஞர் கண்ணாடிக் கட்டிகளை ஒட்ட முயன்றபோது, உருகிய கண்ணாடியில் காற்று பீய்ச்சியடித்து மெல்லிய இழைகளாகச் சிதறியது. 1938இல் ஓவன்ஸ் கார்னிங் நிறுவனம் பிறந்தது. பாலியெஸ்டர் ரெசின் வந்தது, உலகப் போர் வந்தது, 1953இல் கார்வெட் காரின் உடம்பே ஃபைபரில் வந்தது. எல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கதையில் இழை இருக்கிறது, ரெசின் இருக்கிறது, இரண்டையும் ஒட்டவைத்தது எது என்பது மட்டும் இல்லை. எனக்கு அதுதான் முக்கியமான கதையாகப் படுகிறது.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். 10 மைக்ரான் தடிமனுள்ள கண்ணாடி இழையை ஒரு கிலோ எடுத்துக்கொண்டால், அதன் மேற்பரப்பு மொத்தம் 150 சதுர மீட்டரைத் தாண்டும். சதுர அடியில் 1,600க்கு மேல். ஒரு நல்ல வீட்டின் அளவு. அவ்வளவு பெரிய எல்லை முழுக்கக் கண்ணாடியும் ரெசினும் கைகோத்து நிற்கவேண்டும். ரெசின் வாங்குகிற சுமை இந்த எல்லை வழியாகத்தான் இழைக்குப் போகும். பிடி விட்டால் இழை எவ்வளவு வலுவாக இருந்தும் பிரயோஜனமில்லை, உறைக்குள் சும்மா வழுக்கிக்கொண்டிருக்கும்.

1940களில் அப்படித்தான் ஆனது. ரேடார் அலைகளை உலோகம் மறிக்கும், ஃபைபர் கிளாஸ் மறிக்காது. அதனால் விமானங்களில் ரேடாரை மூடும் கவிகைகளை இதில் செய்தார்கள். காய்ந்திருக்கும்போது பிரமாதம். நாள்கணக்கில் ஈரம் பட்டால் வலுவில் பெரும்பங்கு போய்விடும். கண்ணாடிக்கு ரெசினைவிடத் தண்ணீர் மேல்தான் ஆசை அதிகம். ரெசின் வழியே ஊடுருவி எல்லைக்கு வந்துசேரும் நீர், ரெசினைத் தள்ளிவிட்டுக் கண்ணாடியோடு தானே ஒட்டிக்கொள்ளும். மழையிலும் கடற்காற்றிலும் பறக்கிற விமானத்துக்கு இது விளையாட்டு இல்லை.

இன்னொரு தொல்லையும் இருந்தது. நம் நெசவாளர்கள் பாவுக்குக் கஞ்சி போடுவதுபோல, தறியில் உரசி அறுந்துவிடாமல் இருக்கக் கண்ணாடி இழைக்கும் மாவுச்சத்தும் எண்ணெயும் பூசுவார்கள். நெய்வதற்கு அது வேண்டும், ரெசினுக்கு அது ஆகாது. எனவே நெய்த துணியைச் சூளையில் வைத்துப் பூச்சை எரித்துவிட்டு, வேறு பூச்சு பூசினார்கள். டூபான்ட் நிறுவனத்தின் வோலான் என்ற குரோமியச் சேர்மம் அதில் பேர்போனது. துணியில் இலேசாகப் பச்சை தட்டும். பழைய சர்ஃப் பலகைகளைச் சேகரிப்பவர்கள் அந்தப் பச்சையைத் தேடிப்பிடித்துக் கொண்டாடுவது தனிக்கதை.

திருப்பம் சிலேன்களில் வந்தது. சிலிக்கானை நடுவில் வைத்த மூலக்கூறு இது. ஒரு முனை கண்ணாடியோடு சேரும், மறுமுனை ரெசினோடு. 1947இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் ரால்ஃப் விட் குழு அமெரிக்கக் கடற்படைக்கு ஓர் அறிக்கை கொடுத்தது. அல்லைல் சிலேன் பூசிய இழையில் செய்த பொருள், எத்தில் சிலேன் பூசியதைப்போல இரண்டு மடங்கு வலு. இரண்டுமே கண்ணாடியைப் பிடிக்கும். ஆனால் அல்லைலில் ஓர் இரட்டைப் பிணைப்பு இருப்பதால் ரெசின் இறுகும்போது அதுவும் கூடவே சேர்ந்துகொள்ளும். எத்திலுக்கு அந்தக் கை இல்லை. 1952இல் ஜோஹன் பியோர்க்ஸ்டனும் யேகரும் வினைல் சிலேன் பற்றி வெளிப்படையாக எழுதினார்கள்.

அப்புறம் டவ் கார்னிங்கில் எட்வின் ப்ளூடெமன். 1960களின் தொடக்கத்தில் அவரும் சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட சிலேன்களைச் சோதித்தார்கள். முறை எளிது: பலகை செய், கொதிநீரில் போடு, எடுத்து உடைத்துப் பார். பலன் கிடைத்தது. ஆனால் ஒரு கேள்வி உறுத்தியது. சிலேனுக்கும் கண்ணாடிக்கும் நடுவிலுள்ள பிணைப்பைத் தண்ணீர் வெட்டும்; அது தெரிந்த வேதியியல். அப்படியென்றால் கொதிநீரில் எப்படித் தாக்குப்பிடிக்கிறது?

ப்ளூடெமன் சொன்ன விளக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. பிணைப்பு உடையத்தான் செய்கிறது. ஆனால் இறுகிய ரெசின் சிலேனை அந்த இடத்திலேயே பிடித்துவைத்திருப்பதால் அது ஓடிப்போக முடியாது. நீர் மூலக்கூறு விலகியதும் பழைய பிணைப்போ, பக்கத்தில் புதிய ஒன்றோ உருவாகிறது. தமிழில் விட்டுப் பிடிப்பது என்போமே, அதேதான். கண்ணாடியும் ரெசினும் சூட்டில் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது ஏற்படும் இழுபறியும் இதனால் தணிகிறது.

அப்போ, எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறதோ அவ்வளவு நல்லதா? அதுவும் இல்லை. 1964இல் ஜே. குக்கும் ஜே. ஈ. கார்டனும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லையின் ஒட்டுவலு பொருளின் வலுவில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால், நேராக ஓடிவரும் விரிசல் எல்லையில் முட்டிப் பக்கவாட்டில் திரும்பி அடங்கிவிடும். அதைவிட ரொம்ப இறுக்கினால் விரிசல் இழையையும் சேர்த்து அறுத்துக்கொண்டு போகும். கார்பன் இழை வந்தபோது இதே பாடம் திரும்ப நடந்தது. கண்ணாடியோடு கைகோக்கும் சிலேனுக்கு கார்பனில் பிடி இல்லை. அதனால் இழையின் மேற்பரப்பை ஆக்சிஜனேற்றம் செய்து ஒட்டவைத்தார்கள். அளவு மிஞ்சினால் பொருள் நொறுங்கும் தன்மைக்குப் போய்விட்டது.

2004 சுனாமிக்குப் பிறகு நம் கடற்கரைகளில் பெருகிய ஃபைபர் படகுகளிலும் இழைக்கும் ரெசினுக்கும் நடுவே இருப்பது இந்தப் பூச்சுதான். இழையின் எடையில் ஒரு சதவீதம் அளவு, அதிலும் சிலேன் ஒரு சிறு பகுதி. மற்றபடி அதில் என்னென்ன எந்த அளவில் கலந்திருக்கிறது என்பதை இழை செய்யும் நிறுவனங்கள் இன்றும் தொழில் ரகசியமாகவே வைத்திருக்கின்றன. மூட்டையோடு வரும் தாளில் எந்த ரெசினுக்குப் பொருந்தும் என்று மட்டும் போட்டிருப்பார்கள்.