வீச்சின் விசை காலில்

தோட்டவெளியில் கோல்ஃப் மைதானம் கிடையாது. மன்னார்த் தீவின் மணலையும் பனைகளையும் அறிந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும், அந்த விளையாட்டின் தலையாய நுட்பத்தை நான் முதலிற் கண்டது என் ஊர்ப்பக்கக் கடலிலேதான். முழங்காலளவு தண்ணீரில் நின்று பெரியப்பா வீச்சுவலை எறிவார். வலை வட்டமாக விரிவதை நான் வாய் பிளந்து பார்ப்பேன். “வலையைப் பாராதை, காலைப் பார்” என்பார் அவர். பின்காலில் ஊன்றிய பாரம் முன்காலுக்கு மாறும், இடுப்புத் திரும்பும், தோளும் கையும் அதன் பின்னரே வரும்.

பின்னாளில் கொழும்பில் நிருபராக இருந்தபோது, போட்டியொன்றின் செய்திக்காக றோயல் கொழும்பு கோல்ஃப் கழகத்துக்குச் சென்றேன். 1879 இல் காலிமுகத்திடலில் தொடங்கி, 1896 இல் பொரளைப் பக்கம் இடம்பெயர்ந்த கழகம் அது. களனிவெளி ரயில் பாதை அதன் புற்றரையை ஊடறுத்துச் செல்கிறது. அங்கே ஒருவர் பந்தை அடித்த கணத்தில் பெரியப்பாவின் கால்கள் என் நினைவில் வந்து நின்றன.

கால்களின் வேலையைக் கோல்ஃப் உலகம் உணர்ந்துகொண்டதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்பகால மட்டைகளின் தண்டு ஹிக்கரி மரத்தாலானது. வீசும்போது அது வளைவதோடு முறுகவும் செய்யும். எனவே, மணிக்கட்டின் கணிப்பே ஆட்டக்காரரின் முதன்மையான திறமையாக இருந்தது. உருக்குத் தண்டை அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1924 இலும், சென்ற் அன்ட்றூஸ் கழகம் 1929 இலும் அனுமதித்தன. முறுகாத தண்டு வந்ததும், கைகளை அடக்கி, கால்களாலும் இடுப்பாலும் உந்தி அடிக்க இடம் பிறந்தது. அந்த வழியைச் செம்மைப்படுத்தியவர்களில் முதன்மையானவர் பைரன் நெல்சன். 1945 இல் அவர் தொடர்ச்சியாக 11 போட்டிகளை வென்றார். பந்துகளைச் சோதிக்கும் இயந்திரமொன்றுக்குப் பின்னர் அவருடைய பெயரையே சூட்டினார்கள். விந்தை என்னவெனில், அந்த இயந்திரத்துக்குக் கை மட்டுமே உண்டு, கால்கள் இல்லை!

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்தவர் பென் ஹோகன். 1949 பெப்ரவரியில் ரெக்சாஸ் மாநிலத்தில் அவருடைய கார் மீது பஸ் ஒன்று மோதியது. இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்தன. இரத்தக் கட்டிகள் உயிருக்கே ஆபத்தை உண்டாக்கின. மீண்டும் நடப்பாரா என்றே ஐயுற்றார்கள். பதினாறு மாதங்களின் பின், கால்களில் துணி சுற்றிக்கொண்டு, ஒரே நாளில் 36 குழிகள் ஆடி, மறுநாள் மேலதிக ஆட்டமும் ஆடி, அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். 1957 இல் வெளியான அவரது நூல், மட்டையைக் கீழிறக்கும் வீச்சு இடுப்பின் திருப்பத்தில் தொடங்க வேண்டும் எனக் கற்பித்தது. ஒரு காலத்தில் நிற்கவே முடியாதிருந்த மனிதர் சொன்ன பாடம் அது!

வலக்கைக்காரர் மட்டையை ஓங்கும்போது பாரம் வலக்காலுக்குச் செல்கிறது. கைகள் உச்சியை அடையுமுன்பே இடக்கால் நிலத்தை அழுத்தத் தொடங்குகிறது. இடுப்பு இலக்கை நோக்கித் திரும்ப, தோள்கள் பின்தங்கி நிற்க, உடலின் நடுப்பகுதி இழுபட்டு விசை சேர்கிறது. பிறகு இடக்கால் நிமிர்ந்து நிலத்தை உதைக்கிறது. நிலம் திருப்பித் தரும் அந்த விசையே இடுப்பு, தோள், கை வழியாக மட்டையின் தலைக்குப் போய்ச் சேர்கிறது.

இதற்கு விலையும் உண்டு. 2008 இல் ரைகர் வூட்ஸ் அமெரிக்க ஓப்பனை வென்றபோது அவருடைய இடது முழங்காலின் தசைநார் கிழிந்திருந்தது. கீழ்க்கால் எலும்பிலும் வெடிப்புகள் இருந்தன. முன்னங்காலே பாரம் முழுவதையும் தாங்கும் கால்.

பெரியப்பாவுக்கும் அப்படித்தான். முதலில் ஓய்ந்தவை அவருடைய கைகள் அல்ல, முழங்கால்கள். கடைசி ஆண்டுகளில் திண்ணையிலிருந்து பிறருடைய வலைகளைப் பொத்திக்கொடுத்தார். விரல்களில் நடுக்கமே இருக்கவில்லை.

அன்று கொழும்பில் யார் வென்றார், எத்தனை அடிகளில் வென்றார் என்றெல்லாம் எழுதி அனுப்பினேன். கால்களைப் பற்றி அந்தச் செய்தியில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறேன்.