பிரேக் கீச்சொலி: வரலாறும் பழைய கார்களும்

மோட்டார் வாகனத்தின் வேகத்தைக் குறைக்கும்போது சக்கரப் பகுதியிலிருந்து எழும் கூர்மையான ஒலி பிரேக் கீச்சொலி எனப்படுகிறது. பிரேக்கில் உராயும் பகுதிகள் நொடிக்கு ஆயிரம் முறைக்கும் மேலாக அதிர்வதால் இவ்வொலி உண்டாகிறது. வயலின் நரம்பை வில் பற்றுவதும் விடுவதுமாக ஒலி எழுப்புவது போன்ற நிகழ்வே இது. பெரும்பாலான வேளைகளில் இதனால் ஆபத்து இல்லை. ஆனால் தேய்ந்துபோன பிரேக்கும் இதே போல் ஒலிக்கும். இவ்விரண்டையும் பிரித்தறிவதே இவ்வொலியின் வரலாறு முழுவதும் தொடர்ந்துவரும் சிக்கலாகும். முந்தைய உரிமையாளர் எப்படி ஓட்டினார் என்பது தெரியாத பழைய கார்களில் இச்சிக்கல் மேலும் கூடுகிறது.

தோற்றம்

1902ஆம் ஆண்டில் இங்கிலாந்தைச் சேர்ந்த பொறியாளர் பிரெடெரிக் லாஞ்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். சுழலும் உலோகத் தட்டை இருபுறமும் செப்புத் தகடுகள் அழுத்திப் பிடிப்பது அவருடைய அமைப்பு. உலோகத்தின்மீது உலோகம் உராய்ந்ததால் காதைத் துளைக்கும் ஒலி எழுந்தது. புழுதி நிறைந்த அக்காலச் சாலைகளில் செப்பும் விரைவில் தேய்ந்தது. பிரான்சில் லூயி ரெனோ அதே காலத்தில் உருவாக்கிய டிரம் பிரேக் மூடிய அமைப்பாக இருந்ததால் அடுத்த அரை நூற்றாண்டுக்கு அதுவே கார்களில் நிலைத்தது.

ஒலிக்கும் தேய்மானத்துக்கும் தீர்வு தேடியவர்களில் முதன்மையானவர் ஹெர்பர்ட் புரூட். குதிரை வண்டிகளுக்கு பிரேக் கட்டைகள் செய்து 1897இல் தொழிலைத் தொடங்கிய இவரது நிறுவனமே பின்னாளில் பெரோடோ எனப் பெயர் பெற்றது. உராயும் பரப்பில் கல்நாரை (ஆஸ்பெஸ்டாஸ்) பயன்படுத்தும் முறையை இவர் கொண்டுவந்தார். வெப்பத்தைத் தாங்குவதாலும், ஒலியைக் குறைப்பதாலும், விலை மலிவானதாலும் கல்நார் உலகெங்கும் பரவியது.

1953இல் லே மான் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பொருத்திய ஜாகுவார் கார் வென்றது. அதன்பின் டிஸ்க் மீண்டும் கவனம் பெற்றது. 1955இல் வெளிவந்த சிட்ரோயன் டி.எஸ். காரின் முன்சக்கரங்களில் அது இடம்பெற்றது. டிஸ்க்குடன் கீச்சொலியும் திரும்பி வந்தது.

ஒலி பற்றிய ஆய்வுகள்

1930களில் இங்கிலாந்தில் இவ்வொலி குறித்து முறையான ஆய்வுகள் நடந்தன. வேகம் குறையும்போது உராய்வு கூடுவதே அதிர்வுக்குக் காரணம் என 1938இல் மில்ஸ் விளக்கினார். 1961இல் ஸ்பர் வேறொரு விளக்கம் தந்தார். உராயும் பகுதி சாய்ந்து ஊன்றிக்கொள்வதும் நழுவுவதுமாக இருப்பதால், உராய்வு மாறாத நிலையிலும் அதிர்வு தோன்றலாம் என்றார். ஒலிக்கு லைனிங்கின் தன்மை மட்டுமல்லாமல், அதைத் தாங்கும் பாகங்களின் பொருத்தமும் காரணம் என்பது இதனால் தெளிவாயிற்று. பேடின் பின்புறம் ஒட்டப்படும் மெல்லிய ஷிம் தகடு அதிர்வை அடக்குவதற்கானது.

அதே பொறியியல் ஓர் ஒலியை வேண்டுமென்றே சேர்க்கவும் செய்தது. பல கார்களின் பேடில் ஒரு சிறு எஃகு நாக்கு பொருத்தப்பட்டிருக்கும். பேட் குறிப்பிட்ட அளவு தேய்ந்ததும் அது டிஸ்க்கைத் தொட்டுக் கீச்சிடும். இது பழுதன்று, எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் பிரேக் தொழில்

பிரேக் தொழிலில் சென்னைக்குத் தனி இடம் உண்டு. டி.வி.எஸ். குழுமமும் இங்கிலாந்தின் கர்லிங் நிறுவனமும் இணைந்து 1962இல் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தைப் பாடியில் தொடங்கின. ராணே பிரேக் லைனிங், 1974இல் தொடங்கிய சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் ஆகியவையும் சென்னையில் தோன்றியவையே.

அக்காலச் சாலைகளில் ஓடிய அம்பாசிடர் கார்களில் நெடுங்காலம் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே இருந்தன. தேய்ந்த லைனிங்கை நீக்கிவிட்டு ஷூவில் புதியதை ரிவெட் அடித்துப் பொருத்துவது பட்டறைகளின் வழக்கமான வேலை. 1998இல் சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாரான சான்ட்ரோ போன்ற சிறு கார்கள் பெருகியபோது, முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம் என்ற அமைப்பு பொதுவானது.

திண்டிவனம், விழுப்புரம்

சென்னையிலிருந்து தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் ஏறத்தாழ 120 கி.மீ. தொலைவில் திண்டிவனமும் 160 கி.மீ. தொலைவில் விழுப்புரமும் உள்ளன. திண்டிவனத்தில் புதுச்சேரி, செஞ்சி, மரக்காணம், வந்தவாசிச் சாலைகளும், விழுப்புரத்தில் புதுச்சேரி, திருவண்ணாமலை, பண்ருட்டிச் சாலைகளும் பிரிகின்றன. டி.என். 16, டி.என். 32 என்பவை இவ்விரு ஊர்களின் பதிவு எண் தொடக்கங்கள்.

இப்பகுதியின் சாலைகள் பிரேக்கை வெவ்வேறு வகையில் சோதிக்கின்றன. நான்குவழிச் சாலையில் வேகமாக வந்து விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் நிற்கும் காரில் பிரேக் சூடேறுகிறது. இவ்வாறு மீண்டும் மீண்டும் மிகையாகச் சூடேறினால் பேடின் மேற்பரப்பு கண்ணாடிபோல் மினுங்கும். உப்பளங்கள் உள்ள மரக்காணம் பக்கம் இரவில் நிறுத்திய காரில் கடற்காற்றின் ஈரத்தால் டிஸ்க்கில் மெல்லிய துரு படியும். கிராமச் சாலைகளில் ஓடும் காரில் புழுதி டிரம்முக்குள் சேரும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அதுவே சேறாகும்.

தனியார் கார் கைமாறும்போது 29, 30ஆம் எண் படிவங்கள் நிரப்பப்படுகின்றன. தகுதிச் சோதனையோ பதிவாகி 15 ஆண்டுகள் கழித்துப் புதுப்பிக்கும்போதே வருகிறது. ஆகவே வாங்குபவர் தாமே சோதித்தாக வேண்டும்.

காரணம் கண்டறிதல்

காலையில் முதல் சில நிறுத்தங்களில் மட்டும் ஒலித்து மறைந்தால் அது பெரும்பாலும் துரு அல்லது ஈரம். எப்போதும் ஒலித்தால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டும். காதால் கேட்டு மட்டும் முடிவு செய்யலாகாது.

முதலில் பேடின் தடிமனைப் பார்க்க வேண்டும். உராயும் பகுதி 3 மி.மீ. அளவுக்குக் குறைந்திருந்தால் மாற்றுவது பொதுவிதி. வெளிப்பேடை மட்டும் பார்ப்பது பரவலான தவறு. காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகினால் உள்பேட் மட்டும் வேகமாகத் தேயும். டிஸ்க்கில் பள்ளங்களோ நீலம் பாய்ந்த புள்ளிகளோ இருக்கின்றனவா, ஷிம் தகடு விடுபட்டுள்ளதா என்பவற்றையும் காண வேண்டும். கீச்சொலி கரகரப்பாக மாறினால் லைனிங் முழுதும் தீர்ந்து உலோகம் உராய்கிறது என்று பொருள். அந்நிலையில் காரை ஓட்டக் கூடாது.

சரிசெய்தல்

மினுங்கிய பேடை உப்புத்தாளால் தேய்ப்பது பட்டறைகளில் காணப்படும் எளிய வழி. பேடில் போதிய தடிமன் இருந்தால் ஒலி சிலகாலம் நிற்கும். இறுகிய பின் அப்படியே இருந்தால் மீண்டும் வரும். பின்களைச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் பிரேக் கிரீஸ் தடவி, ஷிம்களைப் பொருத்துவதே நிலையான தீர்வு. உராயும் பரப்பில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பட்டால் ஒலி அடங்கும், பிரேக்கும் பிடிக்காது. பேடுகளை ஓர் அச்சின் இரு சக்கரங்களிலும் ஒன்றாக மாற்ற வேண்டும். இல்லையெனில் கார் ஒருபக்கம் இழுக்கும். டிஸ்க் தேய்ந்து அதில் பொறித்துள்ள குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழ் சென்றிருந்தால் லேத்தில் கடைந்து பயன்படுத்தாமல் மாற்றிவிட வேண்டும். புதிய பேடுகள் படியும்வரை சில நாட்களுக்கு மிதமாக பிரேக் பிடிப்பது நல்லது.

தூசியின் ஆபத்து

ஒலியை அடக்க வந்த கல்நார், அதைக் கையாண்டவர்களின் நுரையீரலைப் பாதித்தது. அதன் நுண்ணிழைகள் அஸ்பெஸ்டோசிஸ் நோயையும் புற்றுநோயையும் உண்டாக்குகின்றன. கல்நார்த் தொழிலாளர்களின் உடல்நலப் பாதுகாப்பு குறித்து 1995இல் இந்திய உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு வழங்கியது. 1999இல் பிரிட்டன் கல்நாரை முழுமையாகத் தடைசெய்தது. இந்தியாவில் அத்தகைய முழுத்தடை இல்லை. கல்நாரற்ற பேடுகள் இன்று எளிதில் கிடைக்கின்றன. எனினும் பழைய காரின் டிரம்மில் முன்பு என்ன லைனிங் பொருத்தப்பட்டது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே டிரம்மைக் கழற்றியதும் வாயாலோ காற்றுக் குழாயாலோ தூசியை ஊதக் கூடாது. நீரால் நனைத்து ஈரத் துணியால் துடைத்தெடுப்பதே பாதுகாப்பானது. காரில் செல்பவரின் உயிர் பிரேக்கைப் பொறுத்தது. அதைச் சரிசெய்யும் மெக்கானிக்கின் உடல்நலம் இந்தச் சிறு கவனத்தைப் பொறுத்தது.